இடப்பக்கச் சத்தம்

“சத்தம் இன்னும் இருக்கு, கஸ்பர் அண்ணே.”

கஸ்பர் அப்போதுதான் கராஜின் தகரக் கதவைத் திறந்திருந்தார். அந்தோனியார் படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். கிரீஸ் துணியை உதறிப் போட்டார். பிளேன்டீயை ஒரு வாய் குடித்தார். தினமும் அதே வரிசைதான். பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் திலக்ஷன். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மனைவி கிருஷாந்தி போன வருடம் காய்ச்சலில் இறந்ததிலிருந்து தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. அவனுக்குப் பின்னால் அவனுடைய பழைய போர்வீல் டபிள் கெப். அதன் பின்சீட்டில் வீரம்மா. அவன் தங்கை ஜெயந்தினியின் மாமியார்.

“பாஸ், நாளைக்கு என் மருமகளப் புள்ளப்பேறுக்கு நுவரெலியா ஆஸ்பத்திரில சேக்கணும்” என்றாள் வீரம்மா. “இந்த வண்டி வளைவுக்கு வளைவு முன்னால டொக்கு டொக்குன்னுது. சக்கரம் கழண்டு பள்ளத்துல விழுறதுக்கா?”

“கழறாது, அத்தை.”

“நீங்க சும்மா இருங்க தம்பி. பாஸ் சத்தத்தக் கண்டுபிடிக்கட்டும். இல்லாட்டி ஜெயந்தினி இதுல ஏற மாட்டா. வேற வண்டிதான்.”

“தங்கச்சிய நான்தான் கூட்டிட்டுப் போகணும்.”

“அதத்தானே நானும் சொல்றேன்! கிருஷாந்தி கடைசியாச் சொன்னதும் அதுதானே. ‘ஜெயந்தினிக்குப் புள்ள பொறந்தா நீங்கதான் கையில வாங்கணும்’னு.”

அது இழவு வீட்டு ஒப்பாரியில் வீரம்மாவே கட்டிப் பாடியது. இப்போது தோட்டமே அதை நம்பியது. திலக்ஷன் மறுத்ததில்லை.

கஸ்பருக்கு அந்தச் சத்தம்தான் குடைந்தது. முன்சக்கரத்தைத் தாங்குகிற ‘போல் ஜொயின்ட்’ என்ற குண்டு மூட்டுகளில் மேலே இருப்பதை முதலில் மாற்றியிருந்தார். போன மாதம் கீழே இருப்பது. பழையவை கிரீஸ் அடிக்கவே வழியில்லாத வகை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலிருந்து கிரீஸ் நிப்பிள் வைத்த தடித்த ரகமாக வரவழைத்துப் பூட்டியிருந்தார். ஒவ்வொரு முறையும் இன்ன ஜொயின்ட் என்று திலக்ஷனே சொல்வான். இவர் மாற்றுவார். சத்தம் போகாது.

“இன்னைக்கு எத மாத்தணும், சேர்?”

“ஸ்டீரிங் பக்கத்து ‘டைரொட் எண்ட்’. அதுவா இருக்கும்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“சும்மாதான்.”

கஸ்பர் சாவியை வாங்கித் தானே ஓட்டினார். பஸ் நிற்கிற இடத்துப் பெரிய குழியில் வேண்டுமென்றே இறக்கினார். சத்தமில்லை. அடுத்த வளைவில் திருப்பினார். டொக்!

“வேடிக்கையா இருக்கே சேர். ஜொயின்ட் போனா குழியிலதான் அடிக்கும். இது குழியில ஊமை, வளைவுல பேசுது.”

“பேசுற வரைக்கும் நல்லது” என்றாள் வீரம்மா பின்னாலிருந்து. “வண்டிக்காரரு அதுவும் இல்ல.”

கராஜுக்குத் திரும்பியதும் எஞ்சினை நிறுத்திவிட்டு கஸ்பர் ஜக்கை எடுத்தார். “எறங்குங்கம்மா, வண்டியத் தூக்கப் போறேன்.”

“மழ தூறுது. இப்படியே தூக்குங்க. நான் என்ன அம்புட்டுக் கனமா?”

அவர் இடப்பக்கத்தை மெல்லத் தூக்கினார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். மயிரளவும் ஆட்டமில்லை. நிப்பிளில் கிரீஸ் அடித்தார். ரப்பர் உறை உப்பிக்கொண்டு நின்றது. எங்கும் குறையில்லை. ஜக்கை இறக்கினார். வண்டி மறுபடி சாய்ந்தது.

“இந்தா, கேக்குது!” வீரம்மா உள்ளேயிருந்து கத்தினாள். “இப்பக் கேட்டுச்சு பாஸ்! முன்னால!”

எஞ்சின் ஓடவில்லை. சக்கரம் சுற்றவில்லை. கஸ்பர் எழுந்து நின்றார். அப்படியானால் சத்தம் கீழே இல்லை. இடது கதவைத் திறந்து டாஷ்போர்ட் பக்கம் கையை நீட்டினார்.

“அங்க இல்ல அண்ணே, கீழ பாருங்க” என்றான் திலக்ஷன்.

அவன் அவசரப்பட்டு கஸ்பர் பார்த்ததே இல்லை. அதனாலேயே கையை எடுக்க மனம் வரவில்லை. டாஷ்போர்ட் பெட்டியின் பின்மூலை உடைந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். கையில் வந்தது ஓர் எலுமிச்சம்பழம். காய்ந்து கறுத்து, கூழாங்கல்லாக இறுகியிருந்தது. மலை ரோட்டில் வாந்தி வராமல் இருக்க முகர்ந்துகொண்டே வருவார்களே, அந்த மாதிரி ஒன்று.

வீரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அட கருமமே! இதுக்கா நான் சாமிக்கு நேந்துகிட்டேன்? ஜெயந்தினி நாளைக்கு இதுலயே வரட்டும்.”

“இதுக்கா சேர் அத்தன ஜொயின்ட்டையும் மாத்துனோம்!” கஸ்பரும் சிரித்தபடி அதை ரோட்டோரம் வீசக் கையை ஓங்கினார்.

திலக்ஷன் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“போடாதீங்க. இருந்த எடத்துலயே வைங்க.”

“ஒங்களுக்குத் தெரியுமா?”

“விழுந்த அன்னைக்கே தெரியும்.”

“பின்ன ஏன் ஜொயின்ட், ஜொயின்ட்டுன்னு…?”

“ஏறுறவங்க எல்லாரும் என்ன சத்தம்னு கேட்டாங்க. ஜொயின்ட்டுன்னேன். சொன்னா மாத்தணும்ல.”

வீரம்மாவின் சிரிப்பு நின்றது. “யாரு கையில இருந்தது தம்பி?”

“கிருஷாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறப்ப. நானுஓயா வளைவுல கை தவறி உள்ள போயிருச்சு. ஓரங்கட்டி எடுக்கப் போனேன்.” கஸ்பரின் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அத்தை, நீங்க பாடுனத அவ சொல்லல. அங்க போய்ச் சேரும்போதே நெனவு இல்ல. கடைசியாச் சொன்னது இதுதான்.

“‘கெடக்கட்டும்ங்க. திரும்பி வர்றப்ப நானே எடுத்துக்கிறேன்.’”