மலை பார்க்க வந்தவர்கள்

வேன் நின்றதும் எல்லாரும் கேமராவோடு இறங்கினார்கள். இஜ்ஜா கடைசியாக, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.

மராகெஷ் நகரத்து மோட்டார் சைக்கிள் இரைச்சல் இன்னும் காதிலேயே இருந்தது. இங்கே ஆற்றுச் சத்தம் மட்டும்தான்.

வழிகாட்டியிடம், தான் காஸாபிளாங்காவில் டீச்சர் என்று சொல்லியிருந்தாள். மலைக்காரர்கள் பேசும் தஷல்ஹீத்தில் ஒரு வார்த்தை தெரியாது என்றும் சொல்லியிருந்தாள்.

இரண்டுமே பொய். மராகெஷில் தையல் கடை வைத்திருப்பவள் அவள். சின்ன வயதில் அவளுடைய அம்மா திட்டியதெல்லாம் தஷல்ஹீத்தில்தான்.

வால்நட் மரங்களுக்கு நடுவே இருந்த வீட்டில் அவர்களுக்கு ரொட்டியும் டீயும் ஏற்பாடாகியிருந்தது. வீட்டுக்காரி ரக்கூஷ் மண் அடுப்பின் முன் உட்கார்ந்து மாவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே, பக்கத்தில் விறகு ஒடித்துக்கொண்டிருந்த நாத்தனாரோடு பேச ஆரம்பித்தாள்.

வேனில் கூட வந்த ஜெர்மன்காரர்கள் அதைப் பாட்டு மாதிரி ரசித்துக் கேட்டார்கள். இஜ்ஜாவும் புரியாதவள் போலச் சிரித்துவைத்தாள்.

"நம்ம ஹம்முவைப் பாரு. டீ ஊத்தறானா, தட்டுல ஆறு ஓட விடறானா?"

ஹம்மு ரக்கூஷின் மகன். கெட்டிலை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தவனுக்குக் காது சிவந்துவிட்டது.

ரக்கூஷ் அத்தோடு விடவில்லை. பசி வந்தால் இவன் முகத்தைப் பார்க்க முடியாது. கோவேறு கழுதையைத் தண்ணீர் காட்டக் கூட்டிப்போய், அதோடு சேர்ந்து தானும் ஆற்றில் விழுந்தவன். இவன் குறட்டை விட்டால் பக்கத்து வீட்டு ஆடு எழுந்து நிற்கும்.

"போதும் அண்ணி, பாவம். கோவம் வந்தாக்கூட ஒருத்தரை ஒரு சொல் சொல்ல மாட்டான்" என்றாள் நாத்தனார்.

"அது அவங்கப்பாகிட்டேருந்து வந்தது. அவன் சம்பாதிச்சது இல்ல."

இஜ்ஜா உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அடுப்பிலிருந்து ரொட்டியை எடுக்கும்போது ரக்கூஷ் விரலைச் சுட்டுக்கொண்டாள். இவ்வளவு நேரம் திட்டு வாங்கியவன், கெட்டிலை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான். அம்மாவின் விரலைத் தண்ணீரில் முக்கினான். மீதி ரொட்டிகளை அவனே எடுத்துப்போட்டு, ஒன்றைக் கருக்கியும் விட்டான்.

இஜ்ஜா அந்தக் கருகிய ரொட்டியைக் கேட்டு வாங்கினாள். வெண்ணெயும் தேனும் தொட்டு, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இத்தனை ருசியாக அவள் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

வேன்காரர் ஹார்ன் அடித்தார். வாசலில் நின்று ரக்கூஷ் ஒவ்வொருவர் கையையும் பிடித்து வழியனுப்பினாள். இஜ்ஜாவின் கையை மட்டும் விடவில்லை.

"அடுத்த தடவை பொண்ணையும் கூட்டிட்டு வாங்க, சம்பந்தியம்மா" என்றாள், தஷல்ஹீத்தில்.

ஹம்முவைத்தான் கட்டிக்கொள்வேன், மலைக்கே போய்விடுவேன் என்று மகள் சொன்ன நாளிலிருந்து இஜ்ஜாவுக்குச் சரியான தூக்கம் இல்லை. மகளுக்குக்கூடச் சொல்லாமல்தான் கிளம்பி வந்திருந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். தன்னையறியாமல் அதே மொழியில்.

"இறங்கினவங்க எல்லாரும் மலையைப் பார்த்தாங்க. நீங்க என் மகனையே பார்த்தீங்க. நம்ம பேச்சு உங்களுக்குத் தெரியும்னு உங்க பொண்ணு அவன்கிட்ட சொல்லியிருக்கா. அதான் அவன் குறையை எல்லாம் உங்க காதுல விழற மாதிரி சொல்லிட்டேன். மறைச்சு வச்சுப் பொண்ணு கேக்கறது எனக்குப் பிடிக்காது."

இஜ்ஜா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்ததில் வந்த கண்ணீர்தான்.

"அப்போ அந்தக் குறட்டை?"

ரக்கூஷ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதை மட்டும் கொஞ்சம் குறைச்சுச் சொன்னேன்."