முறிந்த கொம்பு

"இந்தக் கொம்பில கை வெச்சது ஆரு?"

நூதனசாலைப் பொறுப்பாளர் உதயரூபன் போட்ட சத்தத்தில் ஆர்த்திகாவின் தூரிகை கைநழுவி விழுந்தது. அவள் அங்கே தொண்டராகச் சேர்ந்து ஒரு மாதந்தான். கண்காட்சி திறக்க இன்னும் அரை மணித்தியாலமே இருந்தது.

"நான்தான் சேர். தூசு தட்டக்குள்ள..."

"தட்டக்குள்ள?"

"ரெண்டு துண்டாக் கிடந்திச்சு. பசை பூசி ஒட்டிட்டன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அது கொம்புமுறி விளையாட்டுக் கொம்பு புள்ள! ஊரு வடசேரி, தென்சேரியெண்டு ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு மரக்கொம்பைக் கொழுவி இழுத்ததில தென்சேரிக் கொம்பு முறிஞ்சு, அவங்க தோத்தாங்க. முறிஞ்சபடியாத்தான் இஞ்ச வெச்சிருக்கம்!"

"தெரியும் சேர்."

"தெரியுமா? நீ எந்தச் சேரி?"

ஆர்த்திகா முதன்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தென்சேரி."