கால் உயர்த்தும் கதிரை

வவுனியாக் கடையில் காட்டிய எந்தச் சக்கர நாற்காலியும் விமலேஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

“இவருக்கு முழங்கால் மடங்காது. காலை நீட்டி உயர்த்தி வைக்கிற மாதிரி ஒண்டு காட்டுங்கோ.”

கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்றைத் தள்ளி வந்தார். அதில் கணவர் வீரகத்தியை இருத்தி, காலைப் பக்குவமாக உயர்த்திப் பார்த்தாள். உழவு மிசின் பிரண்டு காலை நசுக்கிய நாளிலிருந்து அவர் அன்றுதான் முகம் சுளிக்காமல் இருந்தார்.

“தள்ளப் பாரமோ?”

“உங்களுக்கென்னம்மா, சுகமாத் தள்ளுவியள்.”

“மெலிஞ்ச பொம்பிளையாலயும் ஏலுமோ?”

“ஓம், தாராளமா.”

வீரகத்திக்குக் கண் கலங்கியது. “இப்பிடி ஒருத்தி கிடைக்க நான் குடுத்து வைச்சனான்,” என்றார் கடைக்காரரிடம்.

மாங்குளம் சந்தியில் அவர்களை ஏற்றி வந்த வாடகை வான் முள்ளியவளைப் பக்கம் திரும்பாமல் துணுக்காய் வீதியில் இறங்கியது.

“விமலம், எங்கட வீடு மற்றப் பக்கமெல்லோ?”

துணுக்காயில் ஒரு வீட்டு வாசலில் வான் நின்றதும், மெலிந்த பெண்ணொருத்தி வெளியே வந்து திகைத்து நின்றாள். வீரகத்தி தலையைக் குனிந்துகொண்டார்.

“மிசின் பிரளேக்க உங்களோட இருந்தது இந்த அமராவதி எண்டு ஆசுப்பத்திரியிலயே அறிஞ்சிட்டன்,” என்றாள் விமலேஸ்வரி. “நடக்க ஏலாத மனிசனைச் சும்மா விட்டிட்டுப் போக மனம் வரேல்ல. கதிரை வாங்கும் வரைக்கும் பொறுத்திருந்தனான்.”

பிறகு அமராவதியைப் பார்த்தாள்.

“இனி நீர் பாரும்.”

அவரைக் கதிரையோடு அங்கேயே இறக்கிவிட்டு, தனியே வானில் ஏறிய பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முள்ளியவளை வந்து சேர்ந்தும் அது நிற்கவில்லை.