பல் பதிந்த டிஸ்க்

“கையில என்னய்யா இருக்குன்னுதானே கேட்டேன்? அதுக்குப் போய் டிஸ்கைக்—”

“பசி சார், பிஸ்கட்னு நினைச்சு—”

“சாவியால வேற கீறியிருக்கே! பிஸ்கட்டைச் சாவியால கீறித்தான் தின்பியா?”

காவல் நிலையத்து மாடியிலிருந்த தடயவியல் ஆய்வகத்தில், இன்ஸ்பெக்டரும் வீடியோக்கடைக்காரரும் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த லேப் மேடம் உதட்டைக் கடித்துக்கொண்டார். கோபம் வந்தால் இன்ஸ்பெக்டரின் காதுகள் இரண்டும் திறந்துவிட்ட கார் கதவுகள் மாதிரி விடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது அவருக்குப் பெரும்பாடு.

“நீங்களே கேளுங்க மேடம். கடை வாசல்ல இவன் வண்டி குறுக்கே நின்னுச்சு. எடுய்யான்னு சொல்லத்தான் உள்ளே போனேன். என் மூஞ்சியைப் பார்த்ததும் பேயைக் கண்ட மாதிரி டிஸ்கை எடுத்துக் கடிக்கிறான்! மடியில கனம் இல்லேன்னா வழியில எதுக்குப் பயம்?” இன்ஸ்பெக்டர் மேடம் பக்கம் குனிந்தார். “அடுத்த வாரம் ரிட்டயர் ஆகப்போறேன். சர்வீஸ் பூரா சைக்கிள் திருட்டுதான். கடைசியா ஒரே ஒரு பெரிய கேஸ்… கண்டுபிடிச்சுக் குடுங்க. இவனை உள்ளே தள்ளிட்டு நிம்மதியாப் போறேன்.”

“வேணாம் சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.” வீடியோக்கடைக்காரர் கும்பிட்டார்.

“மிரட்டுறியா?”

லேப் மேடம் டிஸ்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கம்ப்யூட்டர்ல போட்டா காலி டிஸ்க்னு காட்டுது சார்.”

“போச்சா!”

“இருங்க. பொருளடக்கம் இருக்கிற இடத்துல சாவி கீறியிருக்கு. முதல் பக்கம் கிழிஞ்சா புத்தகமே காலின்னு ஆயிடுமா? அதை விட்டுட்டு ஒவ்வொரு பக்கமா, அதாவது செக்டாரா, நேரடியாப் படிச்சுடலாம். அப்புறம், டிஸ்க்குல நடுவுல ஆரம்பிச்சு வெளியே பார்த்துத்தான் பதிவாகும். இவர் கடிச்சது வெறும் ஓரம். அங்கே ஒண்ணுமே இல்லை.”

“முழுங்கித் தொலைச்சிருக்கணும்,” என்று முனகினார் வீடியோக்கடைக்காரர்.

இன்ஸ்பெக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “கீழே இருக்கிற அத்தனை பேரும் மேல வாங்கய்யா! எல்லாரும் சாட்சி!”

அப்போது அவர் போன் அடித்தது; வீட்டிலிருந்து மனைவி. “சொல்லும்மா… சாப்பிட்டேம்மா… இல்லேம்மா, கத்தலைம்மா…” பூனையாகப் பேசிவிட்டுப் போனை வைத்தவர், மறுபடி சிங்கமானார். “ஓட்டுங்க மேடம்!”

லேப் மேடம் ஒரு பழைய டிரைவில் டிஸ்கைப் போட்டு, வேகத்தை அடியோடு குறைத்தார். கீறல் வந்த இடத்தில் டிரைவ் திக்கித் திணறியது. திரும்பத் திரும்ப அதே செக்டாரைப் படிக்கவைத்து, வந்த துண்டுகளையெல்லாம் வரிசையாகக் கோத்தார். அதற்குள் அறை கொள்ளாத கூட்டம். பின்னால் நின்ற கான்ஸ்டபிள் மேசைமேலேயே ஏறிவிட்டார்.

திரையில் முதலில் வெறும் வண்ணக் கட்டங்கள். அப்புறம் ஏதோ பளபளத்தது.

“வெள்ளி!” என்று துள்ளினார் இன்ஸ்பெக்டர். “கடத்தல்!”

அடுத்த துண்டில் ரோஸ் கலர் கவுன் தெரிந்தது.

“ஆள் கடத்தல்யா! பொம்பளைப் பிள்ளையை—”

பாட்டு கிளம்பியது. ஒரு மேடை. அதற்கு மேலே, ‘காவலர் பயிற்சிக் கல்லூரி ஆண்டு விழா’ என்று ஒரு துணி. வெள்ளிக் காகிதச் சிறகு கட்டிய தேவதை ஒன்று, கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிச் சுழன்று சுழன்று ஆடியது. தேவதைக்கு முறுக்கு மீசை. கிரீடத்துக்குக் கீழே, திறந்துவிட்ட கார் கதவுகள் மாதிரி இரண்டு காதுகள்.

மேசைமேல் நின்ற கான்ஸ்டபிள் தொப்பென்று கீழே விழுந்தார். லேப் மேடம் உதட்டைக் கடிப்பதை நிறுத்திவிட்டார். இனிமேல் கடித்துப் பிரயோஜனமில்லை.

“உங்க வீட்டம்மாதான் சார் பழைய டேப்பைக் குடுத்து டிஸ்க்குல ஏத்தச் சொன்னாங்க,” என்றார் வீடியோக்கடைக்காரர். “ரிட்டயர்மென்ட் விழாவுல போடணும், அதுவரைக்கும் அவர் கண்ணுல பட்டுச்சுன்னா உன்னைத் தொலைச்சிடுவேன்னாங்க… நீங்களே சொல்லுங்க சார், அவங்களுக்குப் பயந்து கடிக்காம வேற என்ன செய்வேன்?”