தொட்டால் போதும்

படகுக்காரி நீட்டிய தட்டில், பனையைப் பிளந்து எடுத்த புழுக்கள் வறுபட்டுக் கிடந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். வேண்டாம் என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவள் அவிழ்த்த படகுக் கயிற்றை மறுபடியும் மரத்தில் கட்டிவிட்டாள்.

இந்தப் படகில் போய் இன்று விமானம் ஏறாவிட்டால் பெர்மிட் முடிந்து ஜெயில்தான். மலேசியாவின் சரவாக் காட்டில் எட்டு வருடம் செம்பனைக் குலை அறுத்தவன், கடைசியில் ஒரு புழுவாலா மாட்ட வேண்டும்?

"திங்க வேணாம்ணே," என்றான் கூட வேலை பார்த்த சேவுகன். "வேணாம்னா வெரலால ஒரு தொடு தொட்டுரணும். தொடாம ஏறுனா ஆத்துல முதலை இழுத்துரும்னு இவங்க நம்பிக்கை. அவளும் அதே படகுலதான வரணும்."

"திங்காதத எதுக்குடா தொடணும்?"

அந்தத் தட்டுக்காகக் கரையில் அவள் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் கரண்டியைத் தொட்டுவிட்டேன் என்று அண்டாச் சோறு முழுவதையும் சாக்கடையில் கொட்டினார்கள். அடி வேறு. அன்றிலிருந்து பிறர் சோற்றுக்குப் பக்கத்தில் போனாலே என் கை பின்னால் போய்விடும்.

"தொட்டுருண்ணே, நேரமாவுது."

அவள் தட்டை இன்னும் கிட்டே நீட்டினாள். கையை முன்னால் கொண்டுவரப் பார்க்கிறேன். வரமாட்டேன் என்கிறது சனியன்.