தெர்மாகோலில் இரண்டு பெயர்கள்

வீட்டுப் பேச்சைக் கேட்டு, சொல்லாமலே வேண்டியதை வெட்டித் தரும் மெஷினை வாங்கியதில் சிவசைலத்துக்குத் தலைகால் புரியவில்லை. மகள் பூங்கோதையின் பிறந்தநாளுக்கென்று தெர்மாகோலை உள்ளே வைத்தார். ‘பூங்கோதை’ வந்தது. பின்னாலேயே ‘ஜெரால்டு’ வந்தது.

எட்டு வீட்டுக்கு அவள் ஜாதகத்தை அனுப்பியிருந்த சிவசைலம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்ப்பா,” என்றாள் பூங்கோதை.

“மெஷினுக்கும் தெரியுது. கடைசி ஆளு நான்தானா?”

அவள் அழுதாள். அவர் இரண்டு பெயர்களையும் சுவரோரம் சாய்த்துவைத்து வெகுநேரம் பார்த்தார்.

“அவன் பேரு மட்டும் ஏன் பெருசா இருக்கு? கல்யாண மண்டபத்து வாசல்ல ரெண்டும் ஒரே சைஸ்ல இருக்கணும்மா.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் மெஷின் வெட்டத் தொடங்கியிருந்தது.