சப்பு மரத்துப் பெட்டி

"மெஷினை நிப்பாட்டுங்க! மேல குஞ்சு இருக்கு!"

அன்னலட்சுமி போட்ட சத்தத்தில் மரம் வெட்ட வந்த இராமையா மெஷின் வாளை அணைத்துவிட்டார். மேட்டில் நின்ற சப்பு மரத்தில், இரண்டாள் உயரத்துக்கு மேலே ஒரு பலகைப் பெட்டி. அதன் முகப்பில் கரிய வட்டம்.

கெஸ்ட் ஹவுஸ் முதலாளி மயில்வாகனம் அண்ணாந்து பார்த்தார். மரம் அவருடையது. அது போனால்தான் அவருடைய புது மாடியிலிருந்து கண்டி வாவி முழுசாகத் தெரியும். ஆனால், மேட்டு மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அந்த ஒற்றை மரம்தான். மேட்டுக்கு நேர் கீழே அன்னலட்சுமியின் வீடு.

"என்னம்மா இது?"

"கூட்டுப் பெட்டி முதலாளி. கரிச்சான் குருவிக்கு. நானே செஞ்சது." அவள் குரலில் துளி நடுக்கம் இல்லை. "பெயின்ட் அடிக்கல, வெறும் பலகை. சூடேறாது. சாரல் அடிக்காத பக்கமா பாத்து மாட்டியிருக்கேன். காக்கா, பூனை, பாம்பு ஒன்னும் உள்ள போக ஏலாது. பந்தயம் கட்டுறேன்!"

அவள் கணவன் சந்திரகுமாருக்குக் கொழும்பில் செக்கியூரிட்டி வேலை. அன்று காலைதான் லீவில் வந்திருந்தான். மனைவி பேசுவதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றான்.

முதலாளி லேசில் நம்புகிற ஆளா? "இராமையா, ஏறிப் பாரு. குஞ்சு இல்லைன்னா இப்பவே மரத்தைச் சாய்ச்சிரு."

"தாராளமா பாக்கட்டும்!" என்றாள் அன்னலட்சுமி.

இராமையா ஏணியைச் சாத்தினார். ஏறப் போனவர் கீழே பார்த்தார். அவள் வீட்டுக் குசினிச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கறை.

"போன மழைக்கு வந்த மண்ணாம்மா?"

"ஆமாண்ணே. பக்கத்துல நின்ன மரத்தை நீங்கதானே வெட்டுனீங்க? அதுக்கப்புறம்தான் வந்துச்சு. நல்ல வேளை, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிருந்துச்சுங்க."

அவர் அந்தக் கறையை இன்னொரு தடவை பார்த்தார். ஏறினார். பெட்டியில் முகத்தை ஒட்டி வைத்து, ரொம்ப நேரம் அப்படியே நின்றார். இறங்கி வந்தபோது மூக்கு நுனியில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

"மூணு குஞ்சு முதலாளி. இன்னும் கண்ணு முழிக்கல. ஆள் அரவம் கேட்டதும் வாயைத் தொறக்குதுங்க. பாவம் புடிச்சிரும், நான் கை வைக்க மாட்டேன்."

முதலாளி பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா! வெள்ளிக்கிழமை கணபதி ஹோமத்தை வச்சிக்கிட்டு இந்தப் பாவம் எனக்கு எதுக்கு? விட்டுரு, விட்டுரு." கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "வெள்ளைக்காரனுக்கும் குருவின்னா உசிருதானே! மரம் நின்னுட்டுப் போகட்டும். அம்மா, இதே மாதிரி இன்னும் நாலு பெட்டி செஞ்சு குடு. தோட்டம் பூரா மாட்டிருவோம்."

"செஞ்சிட்டா போச்சு!" என்றாள் அவள்.

எல்லோரும் போன பிறகு சந்திரகுமார் அவள் தோளைத் தட்டினான். "அடி கெட்டிக்காரி! எப்ப மாட்டின இதை?"

"நேத்து சாயந்தரம்."

"நேத்தா? அதுக்குள்ள எப்படிடி குஞ்சு?"

அன்னலட்சுமி வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அதை விடுங்க. முதல்ல டவுனுக்குப் போய் ஒரு ட்ரில் வாங்கிட்டு வாங்க. பெட்டிக்கு ஓட்டை போடணும்."

"ஏன், இதுக்குப் போட்ட மாதிரியே போட்டா என்ன?"

"இராமையா அண்ணன் மூக்கைப் பாத்தீங்கதானே? அது நீங்க போன லீவுல வச்சிட்டுப் போன கறுப்பு சப்பாத்து பொலிஷ். ஓட்டை போட ஒன்னும் கிடைக்காம, அதை வச்சுத்தான் வட்டம் வரைஞ்சு மாட்டினேன்."